மீண்டும் கண்ட ‘சிகப்பு ரோஜாக்கள்’

மாட்டுங்காவில் குடியேறிய நாள் முதலாக, ஞாயிறு காலைக் காட்சியில் தமிழ்ப்படம் காண்பது எங்கள் குடும்பத்திற்குக் கோயிலுக்குப் போவதை ஒத்த வழக்கமாகிவிட்டது. வாரம் முழுதும் பிறமொழி கேட்டுச் சலித்த செவிகளுக்கு இரண்டரை மணி நேரம் தமிழ் கிடைத்தால் போதும். படம் எதுவாயினும் புறப்பட்டுவிடுவோம். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கும் அவ்வாறே பாட்டி முதல் பள்ளிப்பிள்ளை வரை எழுவராகப் போனோம். தமிழகத்தில் 1978 அக்டோபரில் வெளிவந்த படம் அது. ‘சிவப்பு’ என்றன்றோ இருத்தல் வேண்டும் என்று வழியெல்லாம் வாதாடி வந்த பெரியண்ணா, படம் தொடங்கிய சிறிது நேரத்தில் இலக்கணத்தை மறந்தார்.

‘பதினாறு வயதினிலே’யையும் ‘கிழக்கே போகும் ரயி’லையும் தந்தவரிடமிருந்து இப்படியொரு படத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. செல்வமும் அழகும் இன்சொல்லும் உடைய திலீப் பெண்களை வசப்படுத்தி மாளிகைக்கு அழைத்து வந்து கொல்கிறான். புதைத்த இடத்தில் ரோஜாத் தோட்டம் செழிக்கிறது. கொடியவன் என்றால் மீசையும் உருட்டும் விழியும் உடையவன் என்று பழகியிருந்த எங்களுக்குக் கமல்ஹாசனின் புன்னகையே அச்சமூட்டியது. துணிக்கடைப் பெண் சாரதா அவனை மணந்துகொண்டு அந்த மாளிகைக்குள் வந்தபின், அவள் ஒவ்வொன்றாக உண்மையை அறிந்துகொள்ளும் பகுதி இருக்கிறதே, அதில் வசனம் குறைவு. நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையுமே பேசுகின்றன. இசை நின்றுபோகும் இடங்களில்தான் பாட்டி எங்கள் கையை இறுகப் பற்றினார். இன்றைக்கும் அப்பகுதி தன் வலிமையை இழக்கவில்லை.

ஆனால் அவன் ஏன் கொல்கிறான் என்பதற்குப் படம் கூறும் காரணத்தில்தான் இடர்ப்பாடு. சிறுவயதில் ஒரு பெண்ணால் வீண்பழி சுமந்து ஊரைவிட்டு ஓடியவன், அடைக்கலம் தந்த வீட்டிலும் மனைவியின் துரோகத்தைக் காண்கிறான். கணவர் கத்தியை ஓங்க, குத்தும்படி கூவித் தூண்டுகிறான் சிறுவன். பெண்ணினமே இப்படித்தான் என்கிறான். அரங்கம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம், அதை இன்று மறைப்பதற்கில்லை. மனம் திரிந்தவனின் கூற்று அது, இயக்குநரின் கூற்றன்று என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முழுதும் ஒதுக்கிவிட இயலாது. எனினும் விரும்பி உடன் வந்த பெண்கள் மடிகிறார்கள். திருமணம் செய்தாலன்றி நெருங்காதே என்றவள் பிழைக்கிறாள். இந்த வரிசையை வகுத்தவன் திலீப் அல்லனே! இறுதியில் சிறைக்குள் சித்தம் சிதைந்து கிடப்பவன் சாரதாவின் பெயரையே பற்றிக்கொண்டிருக்க, நம் கண்ணீர் அவனுக்காகச் சிந்தப்படுகிறது. புதைந்தவர்களுக்கு யார் அழுதார்? படம் வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 15 என்பதும் இப்போது எண்ணுகையில் உறுத்துகிறது. அன்று அது எவர் கண்ணிலும் படவில்லை.

எங்கள் தங்கை அப்போது ஃபோர்ட் பகுதியில் தட்டச்சராக இருந்தாள். பணி முடிந்ததும் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போய், எட்டு மணிக்குமேல் வீடு திரும்புவாள். படம் பார்த்த மறுநாள் தந்தையார் ரயில் நிலையத்தில் போய் நின்றார். அடுத்த நாளும் நின்றார். இனிய சொல் பேசும் மேலாளர் யாரேனும் உண்டா என்று பாட்டி கேட்டார். வகுப்பு வேண்டாம் என்று யாரும் ஆணையிடவில்லை. ஆறு மணி வண்டியில் வந்துவிடம்மா என்றுதான் சொன்னோம். சொன்னவர்களில் நாங்களும் உண்டு. ஒரு மாதத்தில் அவள் வகுப்பை விட்டாள். கொலைகாரன் ஆடவனாயிருக்க, காவல் போடப்பட்டதோ பெண்ணுக்கு என்பது அன்று எங்களுக்கு விந்தையாகவே படவில்லை.

1980இல் அதே இயக்குநர் ராஜேஷ் கன்னாவைக் கொண்டு ‘ரெட் ரோஸ்’ என்று அதனை இந்தியில் எடுத்தார். எங்கள் ஊர்க்கதை இது என்று மாடியில் இருந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டோம். அதைக் கேட்டுக்கொண்டே தங்கை உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சென்ற பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது, பேத்தி இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டாள். எழுபதை நெருங்கும் தங்கை கண்ணிமைக்காமல் பார்த்தாள். கமல்ஹாசனும் ஜானகியும் பாடும் பாட்டு வந்ததும் தாமும் உடன் முணுமுணுத்தாள். சிறுவன் கூவும் காட்சியில் பேத்தி, “இதற்கா கைதட்டினீர்கள்?” என்றாள். நாங்கள் விடை தேடிக்கொண்டிருக்கையில் தங்கை முந்திக்கொண்டு, “நானும்தான் தட்டினேன், கண்ணு” என்றாள். படம் முடிந்து விளக்கைப் போட்டபின், சுருக்கெழுத்துத் தேர்வுக்கு அந்த ஆண்டு தான் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, காபி போட எழுந்து போனாள்.