கட்டர் அழும் சத்தம்

அப்பாவை ஆறு மாதம் எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்று கனெக்டிகட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். நான் ஹார்ட்ஃபோர்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். அப்பா கோயம்புத்தூரில் முப்பத்திரண்டு வருடம் மில்லிங் மெஷின் ஓட்டியவர். வந்த மூன்றாவது வாரமே, "சாப்பாடு போடற ஜெயிலு கண்ணு இது" என்றார். பஸ் கிடையாது, டீக்கடை கிடையாது, தெருவில் ஆளே கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் நின்றவர் திடீரென்று காதைச் சாய்த்தார். பக்கத்து வீட்டு கராஜிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

"கட்டர் அழுவுது. கேக்குதா?"

எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். விமான இன்ஜின் தொழிற்சாலையில் டூல்மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மேசை மீது ஒரு குட்டி மில்லிங் மெஷின் இருந்தது. மேசை மெஷினில் நின்ற நிலையில் கட்டர் சுழலும், அடியில் டேபிள் இரண்டு பக்கமும் நகரும். அப்பா ஓட்டிய எச்.எம்.டி. மெஷின் ஒரு யானை என்றால் இது கன்றுக்குட்டிகூட இல்லை, முயல்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. டேபிளைத் தொட்டுப் பார்த்தார். ஓடாத பக்கத்து அச்சின் லாக் தளர்ந்திருந்தது. அதைத் திருகி இறுக்கினார். வெட்டும் ஆழத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி விரலால் காட்டினார். அவர் குறைத்து ஓட்டினார். அழுகை நின்றது. இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை.

நானும் மெக்கானிக்கல் படித்தவன்தான். அப் மில்லிங்குக்கும் டவுன் மில்லிங்குக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்துடன் விளக்கி பதினாறு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தச் சின்ன மெஷின்களில் திருகுக்கும் நட்டுக்கும் இடையே கொஞ்சம் விளையாட்டு இருக்கும், டயலைத் திருப்பித் திருகினால் எண் நகரும், டேபிள் நகராது என்பதைக் கையால் உணர்ந்தது அந்த கராஜில்தான். அப்பா ஒவ்வொரு முறையும் குறியைத் தாண்டிப் பின்னுக்குப் போய், ஒரே பக்கத்திலிருந்து திரும்பி வந்து நிறுத்துவார். டவுன் மில்லிங்கில் கட்டர் ஜாபைத் தன் பக்கம் இழுக்கும். டேபிளில் விளையாட்டு இருந்தால் அது குதித்துவிடும். பரீட்சையில் இதை எழுதியிருக்கிறேன். எழுதும்போது பயம் வந்ததில்லை.

அங்கே என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் பொழுதுபோக்கு பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சரிசெய்வது. வைஸில் பிடித்திருந்தது அவருடைய தாத்தா வாத்து வேட்டைக்குக் கொண்டுபோன ஷாட்கன்னின் ட்ரிக்கர் கார்டு. அசல் உடைந்துவிட்டது, அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அப்பா கேட்டபோது, "ஏதோ பழைய மெஷினோட பாகமுங்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? வந்த நாளிலிருந்து அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அதுதான் காரணம்.

மில்லிங் மெஷின் இங்கே வேட்டைக்காரர்களின் பொழுதுபோக்காக வந்து சேர்ந்த ஒன்றல்ல. அது பிறந்ததே துப்பாக்கிப் பட்டறைகளில்தான். எங்கள் ஊரில் ஓடுகிற இதே கனெக்டிகட் ஆற்றின் கரையில், 1810-களில் மிடில்டவுனில் சிமியன் நார்த் கைத்துப்பாக்கி செய்தார். வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டில் அரசு ஆயுதசாலை இருந்தது. இன்னும் மேலே, வெர்மான்ட்டின் விண்ட்சரில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் இருந்தது. அரத்தால் ராவி ராவி ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியாகப் பொருத்திய கைகளுக்குப் பதிலாக, எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்ற ஆசைதான் இந்த மெஷினைப் பெற்றெடுத்தது. நியூ ஹேவனின் எலி விட்னி 1798-ல் அரசுக்கு 10,000 மஸ்கட்டுகளை இரண்டு வருடத்தில் தருவதாக ஒப்பந்தம் போட்டார். முடித்தது 1809-ல். டெட்லைன் விஷயத்தில் எங்கள் துறைக்கு அவர்தான் முன்னோடி. 1850-களில் பிரிட்டிஷ் அரசு விண்ட்சரிலிருந்து மெஷின்களை வாங்கி என்ஃபீல்டில் நிறுத்தியது. 1857-ல் நம் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா அந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது.

தேர்ந்த கையை வேண்டாம் என்று சொல்லப் பிறந்த மெஷின் அது. நூற்றைம்பது வருடம் கழித்து கோயம்புத்தூரில் பம்ப்செட் பாகங்களை வெட்டி வெட்டி, அந்த மெஷினுக்கே ஒரு தேர்ந்த கையாக ஆனவர் அப்பா. பிறகு பட்டறைக்கு வி.எம்.சி. வந்தது. புரோகிராம் போட்டால் தானே வெட்டும். "ஜாபை ஏத்தி எறக்கிட்டு இருங்க, சம்பளம் அதேதான்" என்றார் முதலாளி. அப்பா ஒரு மாதம் ஏற்றி இறக்கிவிட்டு நின்றுகொண்டார். அந்த வருடம்தான் எனக்கு வேலை கிடைத்தது, புரோகிராம் எழுதும் வேலை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஒரு புதன்கிழமை இரவு சாப்பிடும்போது மகள் சொன்னாள், அன்றைக்கு ஸ்கூலில் லாக்டவுன் பயிற்சியாம். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் உட்கார வேண்டுமாம். தான் கொஞ்சம்கூடச் சத்தம் போடவில்லை என்று டீச்சர் பாராட்டினாராம். அவளுக்கு ஏழு வயது.

"என்ன வெளையாட்டு அம்மிணி அது?" என்றார் அப்பா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். 2012 டிசம்பர் 14 அன்று, இங்கிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில், நியூடவுனில் சாண்டி ஹுக் ஆரம்பப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்ததை. இறந்த 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும். அப்பா சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மகள் தூங்கப் போன பிறகு, பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"அது எனக்கு மொத நாளே தெரியும். ட்ரிக்கர் கார்டைப் பாத்தாத் தெரியாதா?"

"அப்புறம் ஏனுங்ப்பா போனீங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "மெஷின் கெடச்சுது, போனேன்" என்றார்.

இரண்டு நாள் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த கராஜிலிருந்து சத்தமும் வரவில்லை. மூன்றாம் நாள் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். "இதையெல்லாம் எங்க பூட்டி வெக்கறாருன்னு கேளு." கேட்பதற்கு எனக்கு நாக்கு கூசியது. இங்கே ஒருவரிடம் அப்படிக் கேட்பது சம்பளம் கேட்பது போல. பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படவில்லை. உள்ளே அழைத்துப் போய், சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டகத்தைக் காட்டினார். அப்பா கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். 2019-லிருந்து இந்த மாநிலத்தில் வரிசை எண் வாங்காமல் வீட்டில் துப்பாக்கி செய்யக்கூடாது, நான் புதிதாக எதையும் செய்வதில்லை, இருப்பதைச் சரிசெய்வதோடு சரி என்று அவர் மெதுவாகச் சொன்னார். தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். திரும்பி கராஜுக்கு வந்து, பாதியில் நின்ற ஜாபின் பிசிறை அரத்தால் எடுத்து, துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அப்பா அங்கே டீ குடிக்கப் போனார், அரட்டைக்குப் போனார். ஜாபைத் தொடவில்லை.

அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்த வேலையை முடித்ததா, அடுத்த வேலையைத் தொடாததா, இரண்டில் எது அப்பா என்றும் தெரியவில்லை. அந்த வாத்துத் துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்து வந்துவிடாது என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் மகளை ஸ்கூல் வாசலில் இறக்கிவிடும் ஒவ்வொரு காலையும் புத்தி கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது துப்பாக்கிகளைக் கொண்டுபோனார், மெஷினை எனக்குக் கொடுத்துவிட்டார். "உன் அப்பாவுக்கு" என்றார். அப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். முழங்கால் வலி, இனி விமானம் ஏறமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அலுமினியக் கட்டையை வைஸில் பிடித்து ஆறு பக்கமும் சதுரமாக்கப் பார்க்கிறேன். பட்டறைகளில் புதுப் பையன்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை அது. போனை மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்து வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிடுகிறேன். அவர் படத்தைப் பார்ப்பதில்லை, போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். திரையில் அவருடைய காது மட்டும் தெரிகிறது.

"லாக்கை இறுக்கு."

இறுக்கினேன்.

"இன்னும் அழுவுது. ஆழத்தக் கொற."

குறைத்தேன்.

"இப்ப செரி. என்ன பண்ற?"

"சும்மா, ஒரு கட்டையச் சதுரமாக்கறேனுங்ப்பா."

"ஆயிருச்சா?"

மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது.

"இன்னும் இல்லீங்ப்பா."

"செரி, ஓட்டு" என்றார். போனை வைக்கவில்லை.