குறியும் நிறையும்

ஒரே துவக்கு, ஒரே கை, ஒரே குறி. ஆயினும் இரண்டு வெடிகள் ஒரே இடத்திற் சென்று தைப்பதில்லை. இதற்குக் காரணம் யாது? கல்முனைக்கு மேற்கேயுள்ள வட்டையொன்றிற் காவலிருந்த முதிய வேளாண்மைக்காரர் ஒருவரும் இவ்வினாவைத் தம் வழியிற் கேட்டவரே.

பெரும்போகக் கதிர் முற்றும் நாட்களில் அவர் இரவெல்லாம் பரணில் விழித்திருப்பார். பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு விடிவதற்குள் அழிந்துவிடும். அவரிடம் இருந்தது, குழலின் வாய்வழியே மருந்திட்டுத் தும்பு வைத்துக் கோலால் இடித்துச் சன்னமிடும் பழைய துவக்கு. உள்ளங்கைக் குழியே அவருக்கு அளவு. ஒருநாள் வெடி உரத்துப் பாயும். மறுநாள் சோர்ந்து விழும். “துவக்கில பிழை இல்ல மனே, கையிலதான் பிழை” என்பார், பரணுக்குச் சோறு கொண்டுவரும் பேரனிடம்.

பிற்காலத்திற் பல்கலைக்கழகம் புகுந்த அப்பேரன், மூத்தாப்பாவின் அச்சொல் ஒரு விஞ்ஞானத்தின் வாயில் என்பதை நூல்களிற் கண்டான். நெடுந்தூரக் குறிக்குச் சுடும் போட்டியாளர் பலர் தொழிற்சாலைத் தோட்டாவில் நிறைவு காண்பதில்லை. கோது, எரியூட்டி, மருந்து, சன்னம் என்னும் நான்கையும் தாமே தெரிந்து சேர்க்கின்றனர். அவர்கள் நாடுவது மிகுந்த வேகமன்று, மாறாத வேகம். மருந்து கூடினும் குறையினும் சன்னத்தின் வேகம் மாறும். வேகம் மாறினால் அது குறியை அடையும் நேரம் மாறும். அந்நேரத்துள் புவியீர்ப்பு அதனைத் தாழ்த்தும் அளவும் மாறும். 100 மீற்றரிற் புலப்படாத வேற்றுமை 1000 மீற்றரிற் குறியையே தவறவைக்கும்.

ஆதலால் மருந்தைக் ‘கிறேன்’ என்னும் அலகில், அதன் பத்திலொரு பங்குவரை நிறுக்கின்றனர். ஒரு கிறேன் ஏறத்தாழ 0.065 கிராம். அச்சொல்லின் மூலப்பொருள் தானியமணி என்பதாகும். நம் முன்னோரும் பொன்னை நெல்லெடையாலும் குன்றிமணியாலும் நிறுத்தவர்களே. நெல்லைக் காக்கச் சென்றவரின் கைக்கு மட்டும் அந்த நெல்லெடை எட்டவில்லை.

ஒலிம்பிக் 50 மீற்றர் றைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர் மாத்திரமே. அங்கு பயன்படும் சிறு தோட்டா, விளிம்பினுள் எரியூட்டியைக் கொண்டது; அதனைக் கையால் மீண்டும் நிரப்புவது வழக்கமன்று. எனவே பல தொகுதித் தோட்டாக்களைத் தம் றைபிளிற் சுட்டுப் பார்த்து, சீராகத் தைக்கும் தொகுதியையே வீரர்கள் தெரிவுசெய்கின்றனர். வழி வேறாயினும் தேடுவது அதே ஒருமையைத்தான்.

முதியவரும் ஒருநாள் மூங்கிற் கணுவொன்றை அளவாக வெட்டிக்கொண்டார். வெடி சீராயிற்று. அவருக்கு அதிற் பெருமையும் உண்டாயிற்று. நிலவற்ற இரவொன்றில் வரம்போரம் அசைந்த நிழலைப் பன்றியென எண்ணிச் சுட்டார். குறி தப்பவில்லை. விடிந்து பார்த்தபோது அங்கே கிடந்தது அயல் வயற்காரரின் எருமைக் கன்று.

கன்றின் விலையைக் கொடுத்தார். அயலவரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். ஆனால், “அது ஒரு மனிசப் புள்ளையா இருந்திருந்தா?” என்று வீட்டிலுள்ளோர் கேட்ட கேள்விக்கு அவரிடம் விலை இருக்கவில்லை. அதன்பின் அவர் துவக்கிற் சன்னமிடவில்லை; வெறும் மருந்தின் ஓசையாலேயே பன்றிகளைத் துரத்தினார். சில இரவுகளில் ஓசைக்கு அஞ்சாத பன்றிகள் வயலிற் புகுந்தன. அந்த நட்டத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்நாட்டிற் சுடுகலன் வைத்திருப்போரை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தும் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டுக்குரியது. ஆயினும் சட்டத்துக்கு மறைவாக வயலோரங்களிற் கட்டுத்துவக்குகள் இன்றும் வைக்கப்படுகின்றன. அவற்றின் பின்னே கண் இல்லை. கயிற்றை இடறியது பன்றியா, யானையா, விறகெடுக்கச் சென்ற மனிதனா என்று அவை பாரா.

மருந்தின் நிறையைத் தராசு சொல்லும். குறியில் நிற்பது எது என்பதைச் சுடுபவனே அறியவேண்டும். அதை அறியாத வேளையில் விரலை எடுத்துவிடுவதும் குறிபார்த்தலின் ஒரு பகுதியே. மூத்தாப்பா கையிலுள்ள பிழை என்று சொன்னதன் முழுப்பொருளைப் பேரன் விளங்கிக்கொண்டது நூலகத்திலன்று. ஒழிந்துபோன அந்தப் பரணின் கீழ்தான்.