நான் வைத்த நாதாங்கி

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று எங்கள் நெய்க்காரப்பட்டியில் யாராவது கேட்டால், "கதவு மாட்டுற வேலை" என்பேன். "திண்டுக்கல் பூட்டும் சேர்த்தா?" என்று சிரிப்பார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அல்லவா! ஆனால் நான் மாட்டியது பூட்டே போடக்கூடாத கதவு.

பெரிய கட்டிடங்களில் மாடிப்படி வாசலில் இருக்குமே, அந்தத் தீத்தடுப்புக் கதவுதான். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் தீப்பிடிக்காத கம்பளி. ஓரத்தில் ஒரு பட்டை. சூடு பட்டதும் உப்பி இடுக்கை அடைத்துவிடும். இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சோதித்துச் சான்று வாங்கிய கதவு. மேலே குளோசர் இருப்பதால் தானாக மூடிக்கொள்ளும். உள்பக்கம் குறுக்குக் கம்பி. இடுப்பால் தள்ளினாலே திறக்கும். பெரும்பாலும் நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளைக் கொல்கிறது. படிக்கட்டில் புகை ஏறாவிட்டால் ஜனங்கள் இறங்கித் தப்பலாம். இத்தனையும் அதற்காகத்தான்.

1996ல் ஒரு கட்டிடத்தில் வேலை முடித்து பில் கொடுக்கப் போனேன். மேலாளர், "ஆளுங்க சொல்லாம இந்த வழியா வெளியே போயிடறாங்க. உள்பக்கம் ஒரு நாதாங்கி வச்சுக் கொடுங்க, இன்னைக்கே பில் பாஸ் பண்ணிடறேன்" என்றார். கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பள பாக்கி. வெல்டு வைத்துக் கொடுத்தேன். சாயங்காலமே அதில் நம்ம ஊர்ப் பூட்டு தொங்கியது.

அடுத்த வருஷம், 1997 ஜூன் 13. டெல்லி உபஹார் தியேட்டரில் தீ. கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் பிடித்தது. புகை பால்கனிக்கு ஏறியது. கதவு தாழிட்டிருந்தது. ஒரு பக்க வழியை மறித்துக் கூடுதல் நாற்காலிகள். 59 பேர் போய்விட்டார்கள். பேப்பரைப் படித்த எனக்குக் கண் முன்னால் நின்றது அந்த நாதாங்கிதான்.

ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேலாளர் மேஜையில் பேப்பரை விரித்து வைத்தேன். படித்தார். ஒன்றும் பேசாமல் பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார். நாதாங்கியை அறுத்தெடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கை கூசியிருக்கும்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தார்கள் என்று செய்தி. தீ என்றால் லிஃப்டில் ஏறக்கூடாது, படிதான் வழி. அந்தப் படிக்குப் போகும் கதவு திறக்க வேண்டும், பிறகு தானாக மூடவும் வேண்டும்.

நம் வயதில் யாரையாவது பார்க்க அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பழத்தைக் கொடுத்துவிட்டு, மாடிப்படிக் கதவையும் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். செங்கல் வைத்துத் திறந்து போட்டிருந்தால் செங்கல்லை எடுத்துவிடுங்கள். பூட்டியிருந்தால் அங்கேயே கேளுங்கள். நான் கேட்கிறேன். "வந்த இடத்துல வம்பு எதுக்கு?" என்று வீட்டுக்காரி முறைக்கிறாள். முறைக்கட்டும்.