பாலுக்கு ஒரு ஜோடி

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் சின்ன மகளுக்கு ஒருநாள் ஆங்கிலத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். 'மில்க்' என்ற சொல்லோடு ஒலியில் சேரும் ஐந்து சொற்களை எழுதி வர வேண்டும். 'ரைமிங் வேர்ட்ஸ்' என்று அதற்குப் பெயர்.

அவளே உட்கார்ந்து எழுதிவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். சில்க், வாக், டாக், சாக், ஃபோக். பட்டு, நடப்பது, பேசுவது, சாக்பீஸில் வருகிற சாக், ஜனங்கள் என்று அர்த்தம் தருகிற ஃபோக். மில்க்கைப் போலவே ஐந்தும் எல், கே என்ற எழுத்துகளில்தான் முடிந்தன. பார்க்க அழகாக இருந்தது. "சமத்துக் குட்டி!" என்று கன்னத்தைத் தட்டிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்தில் நான்கு தப்பு! சில்க்குக்கு மட்டும்தான் சரி போட்டிருந்தது.

"நீ பார்த்துட்டுத்தானேம்மா கையெழுத்துப் போட்டே?"

என்ன பதில் சொல்வது? நான் தமிழில் படித்தவள், அதுவும் உயர்நிலைப் பள்ளி வரையில்தான். எனக்கும் அந்த நான்கில் என்ன தப்பு என்று புரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நோட்டைக் கையில் எடுத்தேன். எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே ஏமாந்தோம், வாய்விட்டுச் சொல்லித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. "மில்க்... சில்க்... வாக்... டாக்..."

அட! மில்க்கில் 'ல்' கேட்கிறது. வாக்கில் எங்கே கேட்கிறது? நாம் எல்லோரும் 'வாக்கிங் போகிறேன்' என்றுதானே சொல்கிறோம்? 'வால்க்கிங்' என்றா சொல்கிறோம்? 'சாக்பீஸ்' என்கிறோம், 'சால்க்பீஸ்' என்று யாரும் சொல்வதில்லை. நம் நாக்குக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை! நோட்டில் அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறதே தவிர, வாயைத் திறப்பதில்லை.

இதை அவளிடம் சொன்னதும் கண்கள் விரிந்தன. "அப்படின்னா காதால தேடணுமாம்மா?" என்று துள்ளினாள். இருவரும் தேட ஆரம்பித்தோம். திடீரென்று, "இல்க்!" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "இல்க்காவது, புல்க்காவது! அப்படி ஒரு வார்த்தை உண்டா? இஷ்டத்துக்கு அடிச்சு விடாதே."

சட்டென்று அவள் முகம் சுருங்கிவிட்டது. நோட்டை மூடினாள். "போம்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் அப்பாகிட்ட கேட்டுக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. பெரிய பிள்ளைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒவ்வொரு பாடமாக என்னிடமிருந்து அப்பாவிடம் மாற்றிக்கொண்டார்கள். இவளும் ஆரம்பித்துவிட்டாளே என்று இருந்தது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, பெரியவனுடைய ஆங்கில அகராதியை எடுத்துப் புரட்டினேன். அவள் சொன்னது தப்பு என்று உறுதி செய்துகொள்ளத்தான் புரட்டினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

'இல்க்' இருந்தது! ஐ, எல், கே. 'வகை, இனம்' என்று பொருள். 'அவரும் அவரைப் போன்றவர்களும்' என்று நாம் சொல்கிற இடத்தில் ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறார்கள்.

எங்கோ காதில் விழுந்த வார்த்தையைக் குழந்தை சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது என்பதற்காக அப்படி ஒன்றே கிடையாது என்று அடித்துப் பேசிவிட்டேன். எனக்குத் தெரியவில்லை என்பது குற்றமில்லை. தெரியாமல் சிரித்தேனே, அதுதான் குற்றம்.

காலையில் தலை பின்னும்போது, "கண்ணு, நீ சொன்னதுதான் சரி. அம்மாதான் தப்பு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பாதிப் பின்னலோடு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்துவிட்டாள்.

அன்று மாலை முறையாகத் தேடினோம். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 'இல்க்' என்ற ஒலியை வைத்துக்கொண்டு, அதன் முன்னால் ஆங்கில மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான். பில்க், டில்க், ஃபில்க், கில்க் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சந்தேகமானதை அகராதியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பொருளே இல்லாத சத்தமாகத்தான் இருக்கும். குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு! எங்களுக்கு 'பில்க்' கிடைத்தது. கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றுவதாம். "பால்ல தண்ணி ஊத்தறதும் பில்க்காம்மா?" என்றாள். மில்க்குக்குப் பொருத்தமான ஜோடிதான்!

ஆக, மில்க்குக்கு முழுப் பொருத்தமான ஜோடிகள் என்று எங்களுக்குக் கிடைத்தவை சில்க், இல்க், பில்க் மூன்றும்தான். அழுத்திச் சொல்லும் உயிரொலியிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருந்து, அதற்கு முன்னால் வரும் ஒலி மட்டும் மாறினால் அது முழு ஜோடி. 'பட்டர்மில்க்' என்று மோரையும் சேர்க்கப் பார்த்தாள். அதிலும் இருப்பது அதே மில்க்தானே? தனக்குத் தானே ஜோடியாக முடியுமா?

முழு ஜோடி போதவில்லை என்றால் அரை ஜோடி உண்டு. சொந்தச் சகோதரர் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட சகோதரர் இல்லையா, அந்த மாதிரி. இதிலும் இரண்டு கிளை. முடிவு ஒன்றாக இருந்து உயிரொலி மட்டும் மாறுவது ஒன்று: பல்க், சல்க், ஹல்க், எல்க். 'சல்க்' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை! உயிரொலி ஒன்றாக இருந்து முடிவு கொஞ்சம் மாறுவது இன்னொன்று: பில்ட், டில்ட், குவில்ட். குழந்தைகள் பாடும் 'ஜாக் அண்ட் ஜில்' பாட்டில்கூட வாட்டருக்கு ஆஃப்டரைத்தான் ஜோடி சேர்த்திருக்கிறார்கள். இன்றைய உச்சரிப்பில் அது அரை ஜோடிதான்.

வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் பட்டியலில் ஏ அல்லது ஓ எழுத்துக்குப் பின்னால் எல், கே வந்த இடங்களில் எல் வாயைத் திறக்கவில்லை: வாக், டாக், சாக், ஃபோக், முட்டை மஞ்சள் கருவான யோக். ஐ, இ, யு எழுத்துகளுக்குப் பின்னால் வந்தால் பேசுகிறது: மில்க், எல்க், பல்க். பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அடுப்படியில் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். மில்க்கும் சில்க்கும் ஆங்கிலத்தில் முடிவில் ஒன்று சேர்கின்றன. தமிழில் பாலும் பட்டும் முதலெழுத்தில் சேர்கின்றன. இது நம் மோனை. அவர்கள் வாலைப் பிடித்தால் நாம் தலையைப் பிடிக்கிறோம்! பட்டு, தட்டு, கட்டு என்று சின்ன வயதில் எதுகை சொல்லிப் பழகிய காதுதான் எனக்கு இப்போது கைகொடுத்தது.

சின்னக் குழந்தைகள் உள்ள சகோதரிகள் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், 4, 5 வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேருக்குச் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிறகு சில ஆண்டுகள் அவர்களுடைய படிப்பைக் கவனித்தார்கள். ஒலியைப் பிரித்தறிவதில் கெட்டியாக இருந்த குழந்தைகள் பின்னால் வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் நன்றாக வந்தார்கள் என்று 1983-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இதற்குப் பணம் காசு வேண்டாம். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மூன்று சொற்களைச் சொல்லி, "எது சேரலே?" என்று கேட்டால் போதும். முதலில் தமிழில் ஆரம்பியுங்கள்: பல், கல், பூ. பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் இப்போது கைபேசி அகராதியே சொல்லிக் காட்டுகிறது.

குழந்தை புதிதாக ஒரு சொல்லைச் சொன்னால் மட்டும் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். "எனக்குத் தெரியலே கண்ணு, வா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் நம் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குக் கூடித்தான் இருக்கிறது.

போன வாரம் பள்ளி விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, இன்னிக்கு ஸ்பூன்!" என்று நேரே சமையலறைக்கு வந்தாள். மூன், நூன், சூன் என்று இருவரும் அடுக்கினோம். பிறகு அவளே, "ஜூன் மாசமும் வரும்மா! எழுத்து வேற, ஆனா சத்தம் ஒண்ணு!" என்றாள்.

அப்பா வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. நானும் அன்று பாலைப் பொங்கவிடவில்லை.