அம்மன் வேடத்துக்குப் பிறகு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. ஆடிஷனுக்குப் போன இடத்தில், "உங்களைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடத்தான் தோணுது, காலேஜ் பொண்ணா நினைச்சுப் பார்க்க முடியலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடப் பெண்ணாக மேக்கப் நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் நீ. வீட்டுப்பாடத்தைப் படப்பிடிப்பு இடைவேளையில் எழுதி, பரீட்சை முடிந்த கையோடு சூலத்தைத் தூக்கி வளர்ந்தவள். இப்போது நீ அம்மனாக நடித்த தொடர் முடிந்துவிட்டது, ஆனால் ஊர் மனதிலிருந்து அந்த அம்மன் இறங்க மாட்டேன் என்கிறாள். "நடிப்பையே விட்டுவிடலாமா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

நீயும் நானும் சேர்ந்து பார்த்த ஹாரி பாட்டர் பிள்ளைகளை எடுத்துக்கொள். 2001-இல் முதல் படம், 2011-இல் எட்டாவது படம். ஹாரியாக நடிக்க டேனியல் ராட்கிளிஃப் தேர்வானபோது அவருக்கு 11 வயது. கடைசிப் படம் வெளிவந்தபோது 22 வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு உன்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனது நான்தான். கதை முடிந்துபோச்சே என்று நீ அழுதாய். திரையில் இருந்த பையனுக்கும் அந்தக் கலக்கம் இருந்திருக்கிறது. தொடர் முடிகிற காலத்திலும் முடிந்த பிறகும் அளவுக்கு மீறிக் குடித்ததாகவும், அடுத்து என்ன செய்வது என்ற பதற்றம் அதற்கு ஒரு காரணம் என்றும் அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பழக்கத்தை விட்டும்விட்டார். பணமும் புகழும் கொட்டிக் கிடந்தவருக்கே அந்தப் பயம் என்றால், ராத்திரி தூக்கம் வராததற்காக நீ உன்னைக் கோழை என்று திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நீ கவனிக்க வேண்டும். தொடர் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 2007 தொடக்கத்தில், இன்னும் நான்கு படங்கள் வெளிவர வேண்டியிருந்த நேரத்தில், 17 வயதில் லண்டன் மேடையில் ஏறினார். நாடகம் பீட்டர் ஷாஃபரின் 'ஈக்வஸ்'. லாயத்தில் ஆறு குதிரைகளின் கண்களைக் குத்திக் குருடாக்கிவிட்டு, மனநல மருத்துவரின் முன் வந்து நிற்கும் பையனின் வேடம். ஒரு காட்சியில் உடம்பில் துணியில்லாமல் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கொண்டாடும் நடிகருக்கு இது தேவையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மேடையில் ரீடேக் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது. தனக்கு நடிக்கத் தெரியுமா என்பதை ஊருக்கு முன்னால் சோதித்துப் பார்த்துக்கொள்ள அவர் துணிந்தார்.

அதற்கப்புறம் அவர் போன பாதையும் நேர்ப்பாதையில்லை. 2011-இல் பிராட்வேயில் ஆடிப் பாடும் இசை நாடகம், வாரத்துக்கு 8 காட்சி. 2016-இல் 'ஸ்விஸ் ஆர்மி மேன்' படத்தில் பிணமாக நடித்தார். பிறகு 'மெரிலி வி ரோல் அலாங்'. 1981-இல் பிராட்வேயில் முதன்முதலாக மேடையேறியபோது 16 காட்சிகளோடு இழுத்து மூடப்பட்ட இசை நாடகம் அது. அதன் மறு அரங்கேற்றத்தில் ராட்கிளிஃப் நடித்தது கதாநாயகனாக அல்ல, பாட்டெழுதும் நண்பனாக. தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே பொறுமை போய், நண்பன் பணத்துக்குப் பின்னால் ஓடுவதையெல்லாம் ஒரே பாட்டில் கொட்டித் தீர்க்கும் வேடம். 2024-இல் அதற்காக டோனி விருது வாங்கினார். ஈக்வஸ் மேடைக்கும் அந்த விருதுக்கும் நடுவில் 17 வருடம். அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. ஹாரி பாட்டர் படங்களில் ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மன், லண்டனிலும் நியூயார்க்கிலும் ராட்கிளிஃப் நடித்த நாடகங்களைத் தேடிப் போய்ப் பார்த்தவராம். 2016-இல் ரிக்மன் இறந்தபோது ராட்கிளிஃப் நன்றியோடு அதை எழுதியிருந்தார். ரிக்மன், மேகி ஸ்மித் போன்றவர்கள் மேடையில் ஊறியபின் அந்தப் படங்களுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அது பல வேடங்களில் ஒன்று. பிள்ளைகளுக்கோ அதுதான் முதல் பெரிய வேலை, அதுவே உலகம். அந்த வித்தியாசம் மூத்தவருக்குப் புரிந்திருக்கிறது. உன் தொடரில் பாட்டியாக நடித்த அம்மா உன்மேல் பிரியமாக இருந்தார் என்பாயே, அவரிடம் போய்ப் பேசு. வாய்ப்புக் கேட்டுப் போகாதே. இந்தத் தொழிலில் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேள்.

உன் நிலைமைக்கு மிகவும் நெருக்கமானவர் என்று நான் நினைப்பது ராட்கிளிஃப் கூட இல்லை, ஹாரி மெல்லிங். ஹாரி பாட்டரைப் படுத்தி எடுக்கும் குண்டுப் பையன் டட்லி ஞாபகமிருக்கிறதா? வளர வளர அவர் உடம்பு இளைத்துவிட்டது. ஏழாவது படத்தில் செயற்கைத் தொப்பை கட்டித்தான் டட்லியாக நடித்தார். லண்டனில் லாம்டா நாடகப் பள்ளியில் சேர்ந்து முறையாகப் படித்தார். பழைய முகம் தெரியாமல் போனதே அவருக்கு நல்லதாகப் போயிற்று.

கோயன் சகோதரர்களின் 'தி பேலட் ஆஃப் பஸ்டர் ஸ்க்ரக்ஸ்' 2018-இல் வந்தது. ஆறு கதைகள் சேர்ந்த படம். அதில் ஒரு கதையை மட்டுமாவது நீ பார்க்க வேண்டும். கையும் காலும் இல்லாத இளைஞனாக மெல்லிங் வருவார். லியாம் நீசன் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி, குளிர் நடுக்கும் மலையூர்களுக்குக் கொண்டுபோய்க் காட்சி நடத்துவார். நாற்காலியில் வைத்த அந்த உடம்பு கவிதை சொல்லும், பைபிள் கதை சொல்லும், லிங்கனின் உரையைப் பேசும். மேடையை விட்டு இறங்கினால் ஒரு வார்த்தை கிடையாது. ஊட்டிவிட்டால் சாப்பாடு, இல்லையென்றால் பட்டினி. நடிகருக்குக் கையில்லை, காலில்லை, ஓடியாட வழியில்லை. கண்ணும் குரலும் மட்டும்தான். கூட்டம் குறையக் குறைய அந்தக் கண்களில் பயம் ஏறுவதைப் பார். கடைசியில் கணக்குப் போடும் கோழி ஒன்றைக் காட்டி இன்னொருவன் கூட்டம் சேர்க்கிறான். முதலாளி அந்தக் கோழியை விலைக்கு வாங்கிவிடுகிறான். அதற்கப்புறம் இளைஞனுக்கு இடமில்லை. பார்வையாளர்கள் கைவிட்டால் கலைஞன் என்ன ஆவான் என்பதை, குழந்தை நட்சத்திரமாக இருந்த ஒருவர் நடித்துக் காட்டுகிறார். இப்படி நடிக்கக் கற்றவரை எந்தப் பழைய வேடம் கட்டிப்போட முடியும்?

எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. ஹாரி பாட்டரில் செட்ரிக்காக வந்த ராபர்ட் பாட்டின்சன், பிறகு ஐந்து 'ட்வைலைட்' படங்களில் ரத்தக் காட்டேரிக் காதலனாக நடித்து இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். அது முடிந்ததும் 'குட் டைம்', 'தி லைட்ஹவுஸ்' என்று சின்னப் படங்களில் உழைத்து, அதன் பிறகே 2022-இல் பேட்மேன் ஆனார். எம்மா வாட்சன் நடுவிலேயே கல்லூரிக்குப் போய் 2014-இல் ஆங்கில இலக்கியப் பட்டம் வாங்கினார். 'லிட்டில் விமன்' படத்துக்குப் பிறகு விலகி நின்று மறுபடி படிக்கப் போனார். அதை யாரும் தோல்வி என்று சொல்லக் கூடாது. டிராகோவாக வந்த டாம் ஃபெல்டனோ, தன் தடுமாற்றங்களையும் சிகிச்சைக்குப் போனதையும் 2022-இல் புத்தகமாகவே எழுதினார். 2025-இல் பிராட்வே மேடையில் அதே டிராகோவாக, இப்போது ஒரு பையனுக்கு அப்பாவாக, திரும்பி வந்தார். பழைய வேடத்தை வெறுத்தால்தான் முன்னேற முடியும் என்பதில்லை. ஆகவே அம்மன் போட்டோக்களை இன்ஸ்டாகிராமிலிருந்து அழித்துவிடாதே. அந்த உழைப்பு உன்னுடையது.

ஒன்றை மட்டும் மூடி மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளில் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு வாழ்நாளுக்கும் போதும் என்கிற அளவுக்குப் பணம் சேர்ந்திருந்தது. பிடிக்காத படத்தை வேண்டாம் என்று சொல்லவும், சம்பளம் குறைந்த நாடகத்தில் நடிக்கவும் அந்தப் பணம்தான் தைரியம் கொடுத்தது. உனக்கு அது இல்லை. ஒரு நாள் கால்ஷீட்டுக்கு உனக்கு என்ன கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் "காத்திரு, நல்லது வரும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உன் குரல் நன்றாக இருக்கிறது. டப்பிங்குக்கு முயற்சி செய். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், அதையும் விசாரி. மாதச் செலவுக்கு ஒரு வழி இருந்தால், பயத்தில் கிடைத்ததையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது.

ஒரு நாடகக் குழு உன்னை நடிக்கக் கூப்பிட்டதை உன் அம்மா போனில் சொன்னாள். கிழவி வேடம், நாலு வசனம், சம்பளமும் பெரிதாக இல்லை என்று நீ தயங்குவதாகவும் சொன்னாள். போய்ச் சேர், கயல். அம்மனாக நீ நின்ற இடத்தில் விளக்கும் பின்னணி இசையும் பாதி வேலையைச் செய்தன. இங்கே முதுகை எப்படி வளைப்பது, மூச்சு எங்கே வாங்குவது என்பதெல்லாம் உன் பொறுப்பு. அதைக் கற்றுக்கொண்டு வந்தால், உன்னைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது என்பவர்களுக்கு நீ வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அங்கே போய்ப் பார்த்த பிறகும் வேறு படிப்போ வேலையோதான் பிடிக்கிறது என்றால் அதற்கும் நான் உன் பக்கம்தான். ஆனால் அந்த முடிவை ஆடிஷனில் யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக எடுக்காதே.

ஒத்திகை தொடங்கியதும் எழுது. இயக்குநர் எதைத் திருத்தச் சொன்னார், உனக்கு எது வரவில்லை என்பதையெல்லாம் விவரமாக எழுது. அரங்கேற்றத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு, நான் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா