நுழைவுச்சீட்டின் எழுத்து

கலை நிகழ்ச்சியொன்றின் திரை விலகுமுன்னரே அதனைப் பார்ப்போர் கையிற் சேர்வது நுழைவுச்சீட்டு. நிகழ்ச்சியின் இயல்பைக் குறிப்பாய் உணர்த்தி அழைப்பது அதன் ஒரு பணி. உரிய நாளில் உரிய வாயிலிற் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி. இவ்விரண்டும் ஒரே எழுத்தால் நிறைவேறுமா என்னும் வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயின் வெள்ளவத்தையில் வாழும் பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கு அதன் விடை எளிதிற் கிட்டவில்லை.

கூத்து மரபைத் தழுவிய நாடகமொன்றை அவனும் நண்பர்களும் மேடையேற்ற முனைந்தபோது, சீட்டை அமைக்கும் பொறுப்பு அவனைச் சார்ந்தது. கணினியிற் கிடைத்த எழுத்துருக்கள் எவையும் அவனுக்கு நிறைவளிக்கவில்லை. திருமண அழைப்பிதழிலும் கடைப் பலகையிலும் கண்டு சலித்த எழுத்துக்கள் கூத்தின் மிடுக்கை எவ்வாறு தாங்கும் என எண்ணினான். பல இரவுகள் விழித்திருந்து, கூத்தரின் முடியையும் கரப்புடுப்பையும் நினைவூட்டும் எழுத்துக்களைத் தானே வரைந்து எழுத்துருவாக்கினான். நாடகத்தின் பெயர் மட்டுமன்றித் திகதி, நேரம், இடம் யாவும் அவ்வெழுத்திலேயே அமைந்தன. மெய்யெழுத்தின் புள்ளிகள் முடியின் மணிகளுள் மறைந்தன. 1 என்னும் இலக்கம் தலையில் முடி சூடி வளைந்து நின்றது. கிழமையின் பெயர் அழகைக் கெடுக்கிறதென நீக்கப்பட்டது.

கொட்டாஞ்சேனை அச்சகமொன்றிற் கோப்பைத் திறந்தபோது அவ்வெழுத்துக்கள் தோன்றவில்லை. அங்குள்ள கணினியில் அவனது எழுத்துரு இல்லாமையே காரணம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பாமினி இல்லாத கணினியில், அதிலே தட்டச்சான 'தமிழ்' என்னும் சொல் நான்கு ரோமன் எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாய்ச் சிதைந்து தோன்றும். யூனிகோட் முறை எழுத்தின் அடையாளத்தைக் காப்பாற்றினாலும், அதன் தனி வடிவத்தை எழுத்துருவே தரவேண்டும். ஆதலால் எழுத்துருவைக் கோப்பினுட் பதித்தோ, எழுத்துக்களை வரைகோடுகளாக மாற்றியோ அச்சகத்துக்குக் கொடுத்தல் முறை. மாணவன் அவ்வாறே மாற்றிக் கொணர்ந்தான்.

இளமையில் ஈய எழுத்துக் கோத்த முதியவர் ஒருவர் அங்கிருந்தார். மாதிரிப் படியை நெடுநேரம் நோக்கிய அவர், "தம்பி, நாடகத்தின்ரை பேரை எப்பிடியும் போடுங்கோ. திகதியையும் இடத்தையும் ஆரும் வாசிக்கிற எழுத்திலை போடுங்கோ" என்றார். அக்கூற்றில் ஒரு தொழில் மரபு அடங்கியிருந்தது. ஈய அச்சின் காலத்தில் அலங்காரத் தலைப்பு வேண்டின், அதனைத் தனியே வரைந்து 'புளொக்' எனப்படும் அச்சுக்கட்டையாக்குவர். ஏனைய செய்திகள் வழக்கமான எழுத்திற் கோக்கப்படும். அழைப்பும் அறிவிப்பும் கருவியின் இயல்பாலேயே பிரிந்து நின்றன. கணினி அத்தடையை நீக்கியது. பிரிக்கும் பொறுப்போ சீட்டை அமைப்பவனைச் சேர்ந்தது. ஓலையிற் பெரும்பாலும் விடப்பட்ட புள்ளி அச்சிலே நிலைபெற்றது. எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவிற் காட்டும் சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. தெளிவின் பொருட்டு இவ்வாறு பெற்ற குறிகளை அலங்காரத்தின் பொருட்டு மீண்டும் இழப்பது நட்டமேயாகும்.

மாணவன் முதியவர் சொல்லைக் கேட்கவில்லை. சீட்டுக்கள் அச்சாகின, நண்பர் வியந்தனர். நாடகமும் 1ஆந் திகதி சிறப்பாக நடந்தேறியது. ஆயினும் முன்வரிசையில் ஓர் இருக்கை வெறுமையாயிருந்தது. சிறுவயதில் அவனுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். அவருக்கென ஒருவர் மூலம் சீட்டை அனுப்பியிருந்தான். 8ஆந் திகதி அவரைக் காணச் சென்றபோதே உண்மை தெரிந்தது. முதல்நாள் மாலை காலி வீதி வழியே பேருந்திற் சென்று, பூட்டிய வாயிலின் முன் நின்று அவர் திரும்பியிருந்தார். சீட்டின் 1 அவருக்கு 7 ஆகத் தோன்றியிருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "எழுத்து நல்ல வடிவாய்க் கிடக்குது, தம்பி. எனக்குத்தான் இப்ப கண் வடிவாய்த் தெரியிறேல்லை" என்றார்.

பிழையை அவர் தம் கண்மேல் ஏற்றுக்கொண்டதே அவனை வருத்தியது. அடுத்த ஆண்டின் சீட்டிலே நாடகத்தின் பெயர் மட்டும் முடி சூடியிருந்தது. திகதியும் கிழமையும் நேரமும் இடமும் பெரிய, எளிய எழுத்தில் நின்றன. அதன் மாதிரிப் படி முதலில் அவ்வாசிரியையின் கைக்கே சென்றது. தயக்கமின்றி அவர் அதனை வாசித்து முடித்த பின்னரே சீட்டு அச்சேறியது.