தீவிலே நான்கு நாட்கள்

ஆலைகளின் நேரக் கணக்கிற்கு ஏற்ப எழுவதும் உண்பதும் உறங்குவதுமாக வாழும் ஊர் எங்கள் ஓசூர். இரவு ஷிப்டு முடிந்து தந்தை வீடு திரும்பும் வேளையில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டுவிடுவர். அவர்கள் மாலையில் திரும்பும்போது தந்தை உறங்கிக்கொண்டிருப்பார். எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய பங்குகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களானாலும், பிழைப்புத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களானாலும் நிலைமை ஒன்றே. ஞாயிறு திருப்பலிக்குக்கூட வீட்டார் அனைவரும் ஒருங்கே செல்ல இயலாத வாரங்கள் உண்டு. ஆகவே ஆண்டில் ஒருமுறை வாய்க்கும் நான்கு நாள் விடுமுறை எங்களுக்குச் சிறு காரியமன்று.

ஓய்வு கொள்வது சோம்பலன்று. பணிக்கு அனுப்பப்பட்ட சீடர்கள் களைத்துத் திரும்பியபோது, உண்பதற்கும் நேரமில்லாதிருந்த அவர்களை நம் ஆண்டவர் படகில் ஏற்றித் தனிமையான ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றார் அன்றோ? நாமும் பொங்கல் விடுமுறையில் கடல் சூழ்ந்த ஓரிடத்திற்குச் செல்வோம் என்று எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஏழு குடும்பத்தினர் முடிவு செய்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வாழும் எங்கள் பிள்ளைகளுள் பலர், கெலவரப்பள்ளி அணையையும் ஒகேனக்கல் பரிசலையும் அன்றி வேறு பெருநீர் கண்டவரல்லர். இராமேசுவரத் தீவு என்றதும் துள்ளிக் குதித்தனர்.

பாட்டி கேட்ட கேள்வி

திட்டமிடுவதற்காக ஒரு ஞாயிறு மாலை செபமாலைக்குப் பின் கூடினோம். எங்களுள் ஒருவர் பெரிய தாள் ஒன்றில் பதினாறு இடங்களின் பெயர்களை எழுதி வந்திருந்தார். இரண்டு பகல், ஒரு இரவு. வேனை விட்டு இறங்குவது, படம் எடுப்பது, மீண்டும் ஏறுவது. செலவும் குறைவு, பார்ப்பதும் நிறைவு என்று அனைவரும் பாராட்டினோம்.

மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் பாம்பனில் பிறந்தவர். மகனுக்கு ஓசூரில் ஆலை வேலை கிடைத்தபோது உடன் வந்தவர். வந்தபின் ஒருமுறையேனும் பிறந்த மண்ணுக்குச் சென்றதில்லை. அவருடைய தமக்கையும் தமக்கையின் கணவரும் 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியில் மறைந்தவர்கள். “பாட்டி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“எல்லாத்தையும் பாத்துட்டு வருவீங்க தம்பி. யாரையாவது பாத்துட்டு வருவீங்களா?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின் பதினாறு இடங்களுள் பத்தை அடித்துவிட்டோம். இரண்டு நாட்கள் நான்காயின. கூடுதல் செலவிற்காகப் பயணத்திற்கு முந்தைய பத்து மாதங்கள் குடும்பத்திற்கு மாதம் 500 ரூபாய் வீதம் சேர்த்தோம். பாட்டியும் எங்களோடு வர இசைந்தார்.

காலமும் வழியும்

கடற்கரைக்குச் செல்வோர் காலம் அறிந்து செல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை மே மாதத்தில் வருகிறது. ஆனால் மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. அந்நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனே கிடைக்கும், விலையும் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் அச்சமும் உண்டு. ஆகவே தை பிறக்கும் வேளையே எங்களுக்குப் பொருத்தமாயிற்று.

மைசூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டி ஓசூர், தருமபுரி வழியாக மதுரைக்குச் செல்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லாமையால் அங்கிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் தருமபுரியில் எங்களோடு சேர்ந்துகொண்டனர். இரவில் ஏறிய நாங்கள் காலையில் மதுரையில் இறங்கினோம். அங்கிருந்து தீவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நான்கு நாளுக்கும் ஒரு வேனை அமர்த்திக்கொண்டோம்.

முதல் நாள்: ஓரியூரும் பாலமும்

நேரே தீவிற்குச் செல்லாமல் முதலில் ஓரியூருக்குச் சென்றோம். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, அரச குடும்பத்தோடு பழகி வளர்ந்தும் அனைத்தையும் துறந்து, பண்டார சுவாமியாக மறவ நாட்டில் நடந்து திரிந்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்ட இடம் அது. திருச்சபை 1947-இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. அங்குள்ள செம்மணலைப் பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்த்தனர். விடுமுறையின் தொடக்கத்தில் வேதசாட்சியின் திருத்தலமா என எண்ணியவர்களும், அந்த நிழலில் ஒரு மணி நேரம் அமர்ந்தபின் மனம் மாறினர். நெடும் பயணத்தின் பரபரப்பு அங்கேயே அடங்கிவிட்டது.

மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தை அடைந்தோம். 1988-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் மேலிருந்து இருபுறமும் கடலைக் கண்டபோது பிள்ளைகளின் பேச்சு நின்றது. பெரியவர்களின் பேச்சுத் தொடங்கியது! கீழே 1914-ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும், அதனருகே 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலமும் தெரிந்தன. ஃபிட்டராகவும் டர்னராகவும் உழைக்கும் எங்கள் தந்தையர்க்கு அதைவிட வேறு விருந்து வேண்டுமோ? பழைய பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கையால் சுழற்றி இரண்டாகப் பிரித்துத் தூக்கி, கப்பல்களுக்கு வழிவிட்டதையும், புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி இயந்திர விசையால் அப்படியே மேலே எழுவதையும் பிள்ளைகளுக்கு விளக்கினர். 1964-இன் புயலில் சிதைந்த பழைய பாலம் பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. அதைக் கேட்டபோது பாட்டி, “பாலம் வந்துடுச்சு, தனுஷ்கோடி வரலையே” என்று மெல்லச் சொன்னார்.

இரண்டாம் நாள்: கைகளும் அடுப்புகளும்

பாக்கு நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குச் செல்வது நெடுங்கால ஏற்பாடு. எந்த நாள் படகு கரை திரும்பும் என்று முன்னரே கேட்டு வைத்திருந்தமையால், விடியலில் மீன் இறங்கும் காட்சியைக் கண்டோம். நண்டு, இறால், கணவாய், பாறை, ஊளி என ஒவ்வொன்றின் பெயரையும் பாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ராகிக் களியும் கீரைக் குழம்பும் உண்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு மீன் என்றால் அணையில் பிடிக்கும் கெண்டைதான். அன்று பகல் பாட்டியின் உறவினர் வீட்டில், பணம் கொடுத்துச் சமைக்கச் சொல்லி, ஊளிமீன் குழம்பும் கணவாய் வறுவலும் உண்டோம். தைமாதமாகையால் வேகவைத்த பனங்கிழங்கும் கிடைத்தது.

தங்கச்சிமடத்தில் பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்களைக் கண்டோம். குருத்தோலையைக் கீறி, காயவைத்து, சாயமேற்றி, விரல்களால் பின்னும் வேலை. ஒரு சிறு பெட்டியைப் பின்ன முயன்ற எங்கள் பெண்பிள்ளைகள் அரை மணியில் தோற்று எழுந்தனர்; அதன்பின் எவரும் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. அவர்களுள் ஒருவரின் கணவர் சென்ற படகு, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைக் கரையில் நிற்கிறதாம். ஆட்கள் திரும்பிவிட்டனர்; படகு திரும்பவில்லை. கூடுதலாகக் கொடுத்த பணத்தை அவர் வாங்க மறுத்து, “பெட்டிக்குக் காசு போதும், படகுக்காக வேண்டிக்கிடுங்க” என்றார்.

அப்பகுதியில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர். ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊரிலிருந்து சென்ற நாங்கள் நாற்று சில வாங்கி வந்தோம்.

சங்கு, சிப்பிப் பொருட்கள் வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்க. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியன சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை எடுப்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதன் காரணம் அந்தப் பவளப்பாறைகளே.

மாலையில் பேக்கரும்பில் 2017-இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்திற்குச் சென்றோம். தம் தந்தையும், பெருங்கோவிலின் சாஸ்திரியாரும், தீவின் கத்தோலிக்கக் குருவும் கூடியமர்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்த்ததை அவர் பல முறை எடுத்துரைத்துள்ளார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற ஊரில் வாழும் எங்களுக்கு அச்செய்தி மிகவும் இனித்தது.

மூன்றாம் நாள்: தனுஷ்கோடி

அதிகாலையிலேயே புறப்பட்டோம். மாலைக்குப்பின் அங்கு எவரையும் தங்க விடுவதில்லை, நடுப்பகலிலோ நிழலில்லை.

1914 முதல் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கியோர் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். துறைமுகமும் தபால் நிலையமும் பள்ளியும் ஆலயமுமாக விளங்கிய அவ்வூரை 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மூழ்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இரண்டே நாட்கள் இருந்தன. பவளக் கல்லால் கட்டிய ஆலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி இன்றும் நிற்கின்றன.

நாங்கள் சென்றபோது அச்சுவர்களின் மேலேறி நின்று சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் பழைய திட்டத்தின்படி நாங்களும் அவ்விடத்திற்குப் பத்து நிமிடமே ஒதுக்கியிருந்தோம் என்பதை நினைத்து நாணினோம். பாட்டி பீடம் இருந்த பக்கம் நோக்கி மணலில் அமர்ந்து செபமாலையைத் தொடங்கினார். நாங்களும் அமர்ந்தோம். சிறிது நேரத்தில், சுவரின்மேல் நின்ற இளைஞர்கள் தாமாகவே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றனர்.

பாட்டி அழுவார் என்று எதிர்பார்த்தோம், அவர் அழவில்லை. செபம் முடிந்ததும் பிள்ளைகளை அழைத்து, சற்றுத் தள்ளி ஓரிடத்தில் கையால் மணலைத் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழம் தோண்டியதும் நீர் ஊறியது. கடல் ஒரு கல்லெறி தூரத்தில் இருக்க, அந்நீர் உப்பாக இல்லை! “எங்க அக்கா இப்படித்தான் தண்ணி எடுக்கும்” என்றார். வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்த அந்நிலத்தில் இன்றும் குடிசையமைத்து வாழும் மீனவர்கள் இத்தகைய ஊற்றுகளையே நம்பியுள்ளனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பெண்ணை நாங்கள் அன்று பார்த்ததாகவே தோன்றியது.

பின்பு அரிச்சல்முனைக்குச் சென்றோம். அமைதியான பக்கத்தைப் பெண்கடல் என்றும், ஆரவாரமான பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்குள்ளோர் அழைக்கின்றனர். இரண்டும் கூடும் முனையில் நீரோட்டம் வலியது. அங்கு எவரும் குளிக்க இறங்கலாகாது. கச்சத்தீவுக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டனர். அது 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கைக்கு உரியது; அங்குள்ள புனித அந்தோணியார் ஆலயத் திருவிழாவின்போது மட்டும், முன்பதிவு செய்தோரே செல்லவியலும் என்று விளக்கினோம். மாலையில் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்தில் செபித்தோம். தனுஷ்கோடியில் மறைந்தோரையும், கரை திரும்பாத அந்தப் படகையும் நினைவுகூர்ந்தோம்.

நான்காம் நாள்: காரங்காடு

திரும்பும் வழியில் தொண்டிப் பக்கமுள்ள காரங்காட்டில் தங்கினோம். செங்கோல் மாதாவின் ஆலயம் அமைந்த கத்தோலிக்க மீனவர் சிற்றூர் அது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து, அலையாத்திக் காட்டினூடே படகில் அழைத்துச் செல்கின்றனர். மிதவைச் சட்டை அணிந்து பிள்ளைகள் துடுப்பு வலித்தனர். நீரில் நின்று பறவைகளைப் பார்த்தனர். வீரச் செயல் புரிந்த பெருமை அவர்கள் முகத்தில் தெரிந்தது. பகலுணவை ஊர்ப்பெண்களே சமைத்துப் பரிமாறினர். அன்றிரவு மதுரையில் ரயிலேறினோம்.

அன்பு வாசகர்களே! நீங்களும் இத்தகைய பயணம் மேற்கொள்ளலாம். இடங்களைக் குறைத்து நாட்களைக் கூட்டுங்கள். தங்குவதும் உண்பதும் வாங்குவதும் அவ்வூராரிடமே ஆகட்டும். திருப்பலி நேரத்தை முன்னரே கேட்டறியுங்கள். மேற்கொண்டு செல்லும் நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஊர் திரும்பிய ஞாயிறன்று பாட்டியிடம், “இப்போது சொல்லுங்கள், யாரையாவது பார்த்தோமா?” என்று கேட்டோம். அவர் பதில் கூறவில்லை. கூட்டச் செபத்தில் விசுவாசிகளின் மன்றாட்டு வேளையில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி யாரும் சொல்லிக் கொடுக்காமலே எழுந்து, “பெட்டி பின்னும் அக்காவின் படகு திரும்பி வர வேண்டுமென்று” மன்றாடினாள். பாட்டி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த மன்றாட்டு இன்றளவும் எங்கள் அன்பியத்தில் வாரந்தோறும் தொடர்கிறது. வாசகர்களாகிய நீங்களும் எங்களோடு சேர்ந்து மன்றாட வேண்டுகிறோம்.